காவிரிக்கரையில் ஒரு பாலைவனம்



வீடு சந்திக்கச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் நம் வீரபாண்டிக்கு வந்து, பனியன் கம்பெனிகளில் பத்து, பதினைந்து ஆண்டுகளாக ஒன்றரை ஷிப்டு பார்ப்பவர்கள், இத்தனை உழைத்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லையே, எதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவசரமாக ஒரு வசனத்தைச் சொல்லி அவர்கள் வாயை அடைக்க நமக்கு மனம் வரவில்லை. விதைத்ததில் ஒரு கதிரைக்கூடக் காணாமல் இறந்துபோன ஒரு குருவின் வாழ்வை இன்று நினைத்துப் பார்ப்போம்.

அருட்தந்தை ஜூல் மொன்ஷானின் 1895 ஏப்ரல் 10ஆம் நாள் பிரான்சு நாட்டில், திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஃப்ளூரி என்னும் ஊரில் பிறந்தார். ஆஸ்துமா அவரை வாழ்நாளெல்லாம் விடவில்லை. 1922இல் குருவானார். பின்னாளில் கர்தினாலான ஆன்றி தெ லுபாக் போன்ற பெரிய இறையியலாளர்கள் அவருடைய நண்பர்கள். அவரோ முனைவர் படிப்பை விட்டுவிட்டு, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஒரு பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். (தொழிலாளர் பங்கில் இருக்கும் நமக்கு இந்த இடம் தனி மகிழ்ச்சி தருகிறது.) 1932இல் நோய் முற்றிச் சாகும் நிலைக்குச் சென்றபோது, பிழைத்தால் இந்தியாவுக்கே தன்னைக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டார். பிழைத்தார். ஆனாலும் நேர்ச்சையைச் செலுத்த ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1939இல் இங்கு வந்த அவரைத் திருச்சி ஆயர் ஜேம்ஸ் மென்டோன்சா ஏற்றுக்கொண்டார்.

அடுத்த பத்து ஆண்டுகள் குளித்தலைப் பகுதிச் சிற்றூர்களில் சாதாரணப் பங்குப்பணி. தமிழ் கற்றார், ஏழைகளோடு ஏழையாக இருந்தார். மனமோ தியான வாழ்வைத் தேடியது. 1948இல் ஹென்றி லெ சோ என்னும் பிரெஞ்சுத் துறவி வந்து சேர, 1950 மார்ச் 21, புனித ஆசீர்வாதப்பர் திருநாளன்று, குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரை மாந்தோப்பில் சச்சிதானந்த ஆசிரமம் தொடங்கியது. மூவொரு கடவுளுக்கு அவர்கள் சூட்டிய பெயர் அது. சாந்திவனம் என்றால் இன்று எல்லோருக்கும் தெரியும். மொன்ஷானின் பரம அரூபி ஆனந்தம் ஆனார்; லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். காவி உடை, மரக்கறி உணவு, கூரைக் குடிசை, நீண்ட மௌனம்.

நம் முன்னோர் பாலையைத் தனி நிலமாகக் கருதவில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வறண்டால் அதுவே பாலை என்றார்கள். வனத்து அந்தோனியாருக்கு எகிப்தின் மணல் பாலைவனம் ஆயிற்று. இவருக்கோ தண்ணீர் ஓடும் ஆற்றங்கரையே பாலைவனம் ஆயிற்று. சீடர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒரு சிலர் வந்தார்கள், வந்தவர் நிலைக்கவில்லை. காவியைக் கண்டு முகம் சுளித்த கத்தோலிக்கர்களும் உண்டு. 1952 முதல் அபிஷிக்தானந்தர் அடிக்கடி திருவண்ணாமலைக் குகைகளுக்குச் சென்று தங்கினார். அத்வைதத்தைக் குறித்து இருவருக்கும் கருத்து வேறுபாடும் வளர்ந்தது. ஆஸ்துமாவோடு மொன்ஷானின் தனித்திருந்த நாள்கள் பல. இதெல்லாம் அவரை வாட்டவில்லை என்று சொன்னால் அது பொய். அவருடைய கடிதங்களில் சோர்வும் ஏமாற்றமும் தெரிகின்றன. புனிதர்களைப் பற்றி எழுதும்போது இவற்றை மறைத்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

அந்த வறட்சியில் அவர் விடாமல் செய்தது ஒன்று. திருப்பலி. நற்கருணைக்குரிய கிரேக்கச் சொல்லின் பொருளே நன்றியறிதல் என்பதை நாம் மறைக்கல்வியில் சொல்லித் தருகிறோம். அதற்குமேல் அதை யோசிப்பதில்லை. அவர் யோசித்தார். துறவியின் முதல் வேலை கடவுளிடம் எதையும் கேட்பதற்கு முன், அவர் கடவுளாயிருப்பதற்காக அவரைப் போற்றுவது என்பது அவருடைய உறுதி. எத்தனை பேர் மனம் மாறினார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்னும் கணக்கு அதில் இல்லை. மண்ணில் விழுந்து மறையும் கோதுமை மணியாகத் தம்மைக் கருதினார். முளைப்பதைப் பார்க்க அந்த மணிக்குக் கண் இல்லை.

1957இல் வயிற்றில் கட்டி கண்டது. சிகிச்சைக்காகப் பாரீசுக்கு அனுப்பினார்கள். தமிழ்மண்ணிலேயே சாக விரும்பியவர், அக்டோபர் 10ஆம் நாள் அங்கே இறந்தார். வயது 62.

1968இல் அபிஷிக்தானந்தர் இமயம் நோக்கிச் சென்றார். அதே ஆண்டு பீட் கிரிஃபித்ஸ் என்னும் ஆங்கிலேயத் துறவி கேரளத்தின் குரிசுமலையிலிருந்து வந்து பொறுப்பேற்றார். அதன் பிறகுதான் உலகெங்குமிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரையும் மொன்ஷானின் கண்டதில்லை.

நம் ஊர் நொய்யலும் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலந்து அந்தத் தோப்பைக் கடந்துதான் போகிறது. (அதில் நாம் கலந்து அனுப்பிய சாயத்தின் கதையை வேறொரு நாள் பேசுவோம்.) காங்கேயம், கரூர் வழியாகக் குளித்தலைக்குப் பேருந்தில் போகலாம். ஆசிரமத்தில் கோயில் கருவறை போல அமைந்த சிற்றாலயம் இருக்கிறது. உள்ளே வெளிச்சம் குறைவு. கண் பழகச் சிறிது நேரமாகும். ஞாயிறு ஓவர்டைம் இல்லாத ஒரு வாரத்தில் குடும்பத்தோடு சென்று, தரையில் அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.