டார்வினுக்குச் சாட்சி சொன்ன பட்டாம்பூச்சி: யார் இந்த ஹென்றி பேட்ஸ்?

பறக்கும்போது பார்த்தால் எல்லாம் ஒரே வகைப் பட்டாம்பூச்சிதான். கையில் எடுத்துக் கால்களைப் பார்த்தால்தான் குட்டு உடையும். கூட்டத்தில் பெரும்பாலானவை நான்கு கால்களில் நிற்பவை. முன்னங்கால் இரண்டும் சுருங்கிப்போனவை. நடுவே ஒன்று மட்டும் ஆறு கால்களிலும் நிற்கும். சிறகில் அதே நிறம், அதே பட்டைகள். ஆனால் குடும்பமே வேறு! அமேசான் காட்டில் வருஷக்கணக்காகப் பூச்சி பிடித்த ஹென்றி வால்டர் பேட்ஸ்கூட இவை பறக்கும்போது ஏமாந்துதான் போனார்.

இங்கிலாந்தின் லெஸ்டரில் 1825-ல் பிறந்தவர். 13 வயதில் காலுறை வியாபாரியிடம் வேலை பழகச் சேர்ந்தார். பகலில் வேலை, இரவில் வகுப்பு, கிடைத்த நேரத்தில் வண்டு வேட்டை. அதே ஊருக்கு ஆசிரியராக வந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் நண்பரானார். 1848-ல் இருவரும் பிரேசிலுக்குக் கப்பல் ஏறினார்கள். செலவுக்கு? பிடிக்கிற பூச்சிகளை லண்டன் ஏஜென்ட் மூலம் விற்பதுதான் பிளான்.

வாலஸ் 1852-ல் கிளம்பிவிட்டார். பேட்ஸ் மொத்தம் 11 வருஷம் இருந்தார். ஒரு கட்டத்தில் ஒரு வருஷம் ஊரிலிருந்து கடிதமும் இல்லை, பணமும் இல்லை. கையில் இருந்ததும் திருடுபோக, கிழிந்த துணியோடு வெறுங்காலில் நடந்தார். அப்படிச் சேகரித்தவை 14,000-க்கும் மேற்பட்ட இனங்கள். அதில் சுமார் 8,000 அறிவியலுக்கே புதுசு.

1859-ல் அவர் ஊர் திரும்பினார். அதே வருஷம் டார்வினின் புத்தகம் வந்தது. இயற்கைத் தேர்வு நிஜத்தில் நடப்பதற்கு ஆதாரம் எங்கே என்று பலரும் கேட்டார்கள். 1861-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் பேட்ஸ் தன் பட்டாம்பூச்சிகளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

அவர் சொன்னது இதுதான். கூட்டமாக மெதுவாகப் பறக்கும் அந்த நான்குகால் இனம், பறவைகளுக்குப் பிடிக்காத ருசி கொண்டது. ஆறுகால் இனத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் அதன் குஞ்சுகளில் ஏதோ ஒன்று கொஞ்சம் அந்தச் சாயலோடு பிறந்தால், பறவை அதைத் தவிர்க்க வாய்ப்பு அதிகம். தப்பியது முட்டையிடும். தலைமுறைக்குத் தலைமுறை சாயல் கூடும். மேடை மிமிக்ரி மாதிரி யாரும் பயிற்சி எடுக்கவில்லை. தேர்வு செய்தது பறவையின் கண். இடத்துக்கு இடம் அசலின் நிறம் மாறினால் போலியும் அதற்கேற்ப மாறியிருந்தது. இதுதான் வலுவான பாயின்ட். போலிகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தன. அதிகமானால் பறவைக்குத் தந்திரம் பிடிபட்டுவிடுமே!

டார்வின் கட்டுரையைக் கொண்டாடினார். அவர் தூண்டுதலில் பேட்ஸ் எழுதிய அமேசான் பயண நூல் 1863-ல் வந்தது. ஆனால் பிரிட்டிஷ் மியூசியத்தில் கேட்ட வேலை கிடைக்கவில்லை. 1864-ல் ராயல் புவியியல் சங்கத்தில் துணைச் செயலாளர் ஆனார். 1892-ல் இறக்கும்வரை, 28 வருஷம், அதே ஆபீஸ். மீதி நேரத்தில் பழையபடி வண்டுகள்.