துயர் துடைத்த ஆசிரியை சாவித்திரிபாய் புலே

கல்வியின் பயன் பட்டம் பெறுவது மட்டுமன்று; பிறர் துயரை உணர்ந்து, அவர்க்காகப் பரிந்து பேசும் ஆற்றலைப் பெறுவதுமாகும். இவ்வுண்மையை வாழ்ந்து காட்டியவர் அன்னை சாவித்திரிபாய் புலே.

அன்னையார் 1831-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3-ஆம் நாள், மராட்டிய மாநிலம் சாத்தாரா மாவட்டத்து நைகாவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1840-இல் சோதிராவ் புலேயை மணந்தபோது அவர் எழுத்தறியாச் சிறுமி. கணவரே அவருக்கு முதல் ஆசிரியரானார். பின்னர் ஆசிரியப் பயிற்சியும் பெற்ற அன்னையார், 1848-இல் புனே நகரில் தொடங்கிய பெண்கள் பள்ளியில் கற்பிக்கலானார். வழியில் அவர்மீது சாணமும் கல்லும் எறிந்தனர். மாற்றுச் சேலையைக் கையோடு கொண்டு சென்றாரேயன்றிக் கற்பிப்பதைக் கைவிட்டாரில்லை.

தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மகர், மாங் குலக் குழந்தைகளுக்கும் புலே தம்பதியர் பள்ளிகள் நடத்தினர். அவர்களிடம் பயின்ற மாங் குலச் சிறுமி முக்தா, தம் குலப் பெண்கள் கூரையின்றி மழையிலும் குளிரிலும் மகப்பேற்றுத் துன்பம் அடைவதைக் கட்டுரையாக எழுதினார். அது 1855-இல் ஞானோதயா இதழில் வெளிவந்தது. ஏழைத் தாயரின் துயரைக் கண்டு, அதை உலகறியச் சொல்லும் துணிவை அக்கல்வி தந்தது.

அக்காலத்தில் கருவுற்ற இளம் விதவையர் பலர் பழிக்கு அஞ்சி, மனமுடைந்து, தம்மையோ சிசுவையோ மாய்த்தனர். 1863-இல் புலே தம்பதியர் அவர்களுக்குப் புகலிடம் அமைத்தனர். அன்னையாரைத் தூற்றிய உயர்சாதியாரின் பெண்களும் அங்கே அடைக்கலம் பெற்றனர். அத்தகைய ஒரு தாயின் மகன் யஷ்வந்தை 1874-இல் தத்தெடுத்து மருத்துவராக்கினர். 1897-இல் பிளேக் நோய் பரவியபோது, மகனுடன் நோயாளிகளைப் பேணிய அன்னையார், அந்நோய்க்கே ஆளாகி மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் மறைந்தார்.

இன்று காரைக்குடிக் கல்லூரிகளில் நம் பிள்ளைகள் ஆசிரியப் பயிற்சியும், செவிலியமும், உளவியலும் பயில்கின்றனர். நம் தெருக்களிலோ கடனாலும், கணவனின் குடியாலும், ஓயா உழைப்பாலும் உள்ளஞ் சோர்ந்த தாய்மார் பலர் உளர். அதனைப் பேய்க் குற்றம் என்றும் சோம்பல் என்றும் ஒதுக்குகிறோம். மனச்சோர்வு தீர்க்கத்தக்க நோயே. அத்தாயின் சொல்லைப் பொறுமையுடன் கேட்டு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் சென்று, அவருக்குரிய கூலிக்கும் உதவித்தொகைக்கும் அலுவலகங்களில் பேசுவதே நம் இளைஞர்க்கு உண்மையான பயிற்சி. நூல் அறிவு அங்கேதான் முழுமை பெறும். வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் பிள்ளைகள் அன்னையார் சென்ற வழியில் நடப்பார்களாக!