கொடையாளர் வோங் ஆ ஃபூக்

ஜொகூர் பாரு மாநகரின் மையத்தில் ஜாலான் வோங் ஆ ஃபூக் என்னும் சாலை உள்ளது. சிட்டி ஸ்குவேர் வணிக வளாகம் இச்சாலையில்தான் அமைந்திருக்கிறது. இங்கிருந்து சிறிது தூரம் நடந்தால், தமிழர்களின் கடைகள் நிறைந்த ஜாலான் உங்கு புவானையும் அருள்மிகு ராஜமாரியம்மன் ஆலயத்தையும் அடையலாம். நாள்தோறும் எத்தனையோ பேர் இச்சாலையின் பெயரைப் படிக்கிறார்கள். ஆனால், அப்பெயருக்குரியவர் யார் என்பதை அறிந்தவர்கள் சிலரே. அவர் அரசரும் அல்லர், ஆளுநரும் அல்லர். 17 வயதில் சீனாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, தச்சு வேலை செய்து உயர்ந்தவர்.

வோங் ஆ ஃபூக் 1837ஆம் ஆண்டு தென்சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது சீனா அமைதியை இழந்திருந்தது. 1850ஆம் ஆண்டு தைப்பிங் கிளர்ச்சி தொடங்கியது. உள்நாட்டுப் போராலும் வறுமையாலும் மக்கள் துன்புற்றனர். பிறந்த ஊரில் வாழ வழியில்லாத இளைஞர்கள் பலர், நன்யாங் என்று தாங்கள் அழைத்த தென்கடல் நாடுகளை நோக்கிக் கப்பலேறினர். அவர்களுள் ஒருவராக 1854ஆம் ஆண்டு வோங் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த தமிழர்களைப் போலவே, அவருக்கும் இந்நாடு முற்றிலும் புதியது.

அப்போது சிங்கப்பூர் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. கிடங்குகள், கடைவீடுகள், மாளிகைகள் என எங்கு நோக்கினும் கட்டட வேலைகள் நடந்தன. மரத்தை அளந்து, அறுத்து, இழைத்துப் பொருத்தத் தெரிந்த கைகளுக்கு வேலை கிடைத்தது. வோங் தச்சுத் தொழிலைப் பற்றிக்கொண்டார். உழைப்பால் படிப்படியாக முன்னேறி, ஆட்களை வைத்து வேலை வாங்கும் கட்டடக் குத்தகையாளர் ஆனார்.

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், ஜொகூர் நீரிணையின் ஓரத்தில், அதே காலத்தில் ஒரு புதிய ஊர் உருவாகிக்கொண்டிருந்தது. 1855ஆம் ஆண்டு தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் அவ்வூரை நிறுவினார். முதலில் தஞ்சோங் புத்ரி என்பது அதன் பெயர். 1862இல் அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்த அபூபக்கார், அவ்வூரைத் தலைநகராக வளர்க்க விரும்பினார். தலைநகருக்கு ஓர் அரண்மனை வேண்டும். அதனைக் கட்டும் பொறுப்பு வோங்கிடம் வந்தது. 1866ஆம் ஆண்டு இஸ்தானா பெசார் எழுந்து நின்றது. அவ்வாண்டிலேயே அவ்வூரும் ஜொகூர் பாரு எனப் பெயர் பெற்றது. அரண்மனை கட்டி முடிந்தபோது வோங்கிற்கு வயது 29. அவர் கடல் கடந்து வந்து 12 ஆண்டுகளே ஆகியிருந்தன.

இந்தப் பணி, ஆட்சியாளரின் நம்பிக்கையை அவருக்குப் பெற்றுத் தந்தது. அபூபக்கார் 1868இல் மகாராஜா ஆனார். 1885இல் ஜொகூர் சுல்தான் ஆனார். ஆட்சி வளர வளர, புதிய கட்டடங்களும் தேவைப்பட்டன. ஜொகூரில் மட்டுமன்றி, சிங்கப்பூரில் சுல்தானுக்காக எழுந்த இஸ்தானா டையர்சால் மாளிகையைக் கட்டும் பணியையும் வோங் ஏற்றார்.

அன்றைய ஜொகூரின் பொருளாதாரம் மிளகையும் காம்பியர் செடியையும் நம்பியிருந்தது. காம்பியர் இலையைக் கொதிக்க வைத்து எடுக்கும் சாறு, தோல் பதனிடவும் சாயமேற்றவும் பயன்பட்டது. சாறு எடுத்தபின் எஞ்சும் இலைகள் மிளகுக் கொடிகளுக்கு எருவாயின. ஆகவே, இரண்டும் அருகருகே பயிரிடப்பட்டன. ஆற்றங்கரைகளில் காட்டை அழித்துத் தோட்டம் போடும் உரிமையைச் சீனத் தலைவர்களுக்கு ஜொகூர் அரசு வழங்கியது. அத்தகைய தலைவர் கங்சூ எனப்பட்டார். இத்தோட்டங்களால் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் ஜொகூருக்குள் வந்தனர். வோங்கும் கட்டடத் தொழிலோடு தோட்டத் தொழிலில் ஈடுபட்டார்.

அவ்வாறு வந்த தொழிலாளர்களின் நிலை எளிதானதாக இல்லை. உறவினர் யாரும் இங்கில்லை. நோயுற்றால் கவனிக்க ஆளில்லை. இறந்தால் அடக்கம் செய்யவும் ஆளில்லை. ஊரிலுள்ள தாய்க்குக் கடிதம் எழுதக்கூடப் பலருக்கு எழுத்தறிவு இல்லை. இக்குறையைப் போக்க, ஒரே மொழி பேசுவோரும் ஒரே வட்டாரத்திலிருந்து வந்தோரும் சேர்ந்து சங்கங்களை அமைத்தனர். ஜொகூரில் தியோசியூ மக்களே அதிகமாக இருந்தனர். வோங் சார்ந்திருந்த கண்டோனியர் எண்ணிக்கையில் குறைவானவர்கள். அவர்களுக்காக 1878ஆம் ஆண்டு ஜொகூர் பாருவில் குவோங் சியூ சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்ததில் வோங்கிற்கு முதன்மையான பங்கு உண்டு. தாமும் ஒருகாலத்தில் துணையின்றி வந்து இறங்கியவர் என்பதால், துணையின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜாலான் துருஸ் சாலையிலுள்ள பழைய சீனக் கோயிலும் அக்காலத்து ஒற்றுமைக்குச் சான்றாகும். தியோசியூ, ஹொக்கியன், கண்டோனியர், ஹக்கா, ஹைனான் ஆகிய ஐந்து பிரிவினரும் ஆளுக்கொரு தெய்வமாக ஐந்து தெய்வங்களை அங்குப் போற்றுகின்றனர். ஆண்டுதோறும் சீனப் புத்தாண்டின் முதல் மாதத்தில் அத்தெய்வங்கள் ஒன்றாக நகர்வலம் வருகின்றன. சிங்காய் எனப்படும் இவ்விழாவில் இனவேறுபாடின்றி மக்கள் திரள்கின்றனர்.

1892ஆம் ஆண்டு வோங்கின் வாழ்க்கையில் மற்றொரு பெரிய வாய்ப்பு வந்தது. சுங்கை செகெட் ஆற்றோரத்திலிருந்த நிலத்தை மேம்படுத்தும் உரிமையைச் சுல்தான் அபூபக்கார் அவருக்கு அளித்தார். தாழ்வான அந்த நிலத்தில் கம்போங் வா ஹா என்னும் குடியிருப்பு உருவானது. கடைகளும் வீடுகளும் வந்தன. இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் சாலை, அந்த ஆற்றை ஒட்டியே செல்கிறது.

கம்போங் வா ஹாவின் வருமானத்தில் சூதாட்ட விடுதியின் வருமானமும் அடங்கும். அங்குப் பயன்படுத்துவதற்காக வோங் சொந்தமாகப் பணத்தாள்களையும் வெளியிட்டார். சூதாட்டம், மது, அபின் ஆகியவற்றை விற்கும் உரிமையைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டு வரி திரட்டுவது, அன்று மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நடைமுறையில் இருந்தது. அது சட்டப்படி குற்றமன்று. ஆயினும், நாள் முழுவதும் உழைத்த தொழிலாளியின் கூலி இரவில் சூதாட்ட மேசையில் கரைந்ததும் உண்மையே. வோங்கின் கொடையைப் போற்றும்போது, அவருடைய செல்வத்தின் ஒரு பகுதி இவ்வழியில் வந்தது என்பதையும் மறைக்க இயலாது. ஒரு மனிதரின் வாழ்க்கையை முழுமையாக அறிய வேண்டுமெனில், இரண்டு பக்கங்களையும் பார்க்க வேண்டும்.

முதுமையிலும் வோங் ஓய்ந்திருக்கவில்லை. 1903ஆம் ஆண்டு, தமது 66ஆம் வயதில், சிங்கப்பூரில் குவோங் யிக் வங்கியைத் தொடங்க முன்னின்றார். சிங்கப்பூரில் சீனர்கள் தொடங்கிய முதல் வங்கி அதுவே. அதுவரை அங்கிருந்த பெரிய வங்கிகள் ஐரோப்பியர் கையில் இருந்தன. ஆங்கிலம் தெரியாத கடைக்காரர்களுக்கு அவற்றின் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. தம் மொழியிலேயே பேசிப் பணத்தைப் போடவும் கடன் பெறவும் ஓரிடம் கிடைத்தது என்று மக்கள் மகிழ்ந்தனர்.

1910ஆம் ஆண்டு கண்டோனிய வணிகர்கள் சிலர் ஒன்றுகூடி, ஏழை நோயாளிகளுக்கு இலவச மருத்துவமனை ஒன்றை நிறுவினர். நிறுவனர்களுள் வோங்கும் ஒருவர். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில், டான் டோக் செங் மருத்துவமனை முன்பு இயங்கிவந்த இடத்தில் அது தொடங்கப்பட்டது. குவாங்சோ, ஹூய்சோ, சாவ்சிங் என்னும் மூன்று வட்டாரங்களின் கண்டோனியப் பெயர்களிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்து, குவோங் வாய் சியூ மருத்துவமனை எனப் பெயரிட்டனர். அவ்வட்டாரங்களிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்களுக்கு அங்கு மருத்துவம் கிடைத்தது. ஒருவர் மட்டும் அள்ளிக் கொடுத்து எழுந்த மருத்துவமனை அன்று அது. பலர் தம்மால் இயன்றதைக் கொடுத்ததால் நிலைத்தது.

வங்கியோ பத்தாண்டுகளில் தள்ளாடியது. மக்கள் போட்டு வைக்கும் பணத்தை வங்கி பிறருக்குக் கடனாகக் கொடுக்கிறது. ஆகவே, முழுப் பணமும் எப்போதும் பெட்டியில் இருப்பதில்லை. வங்கியின் மீது ஐயம் பரவி, எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பக் கேட்டால், எந்த வங்கியும் திணறிப் போகும். 1913ஆம் ஆண்டு குவோங் யிக் வங்கிக்கு அந்நிலைதான் ஏற்பட்டது. வங்கி மூடப்பட்டது. பெருஞ்செல்வர் ஒருவரின் பெயரை நம்பிப் பணம் போட்டவர்கள் கலங்கினர். அப்போது வோங்கிற்கு வயது 76. கட்டியவற்றுள் ஒன்று தம் கண்முன்னே சரிவதைப் பார்க்கும் நிலை அந்தக் கட்டடக் கலைஞருக்கு வந்தது.

1918ஆம் ஆண்டு, 81ஆம் வயதில் வோங் ஆ ஃபூக் மறைந்தார். ஜொகூரின் கங்சூ முறை அதற்கு முந்தைய ஆண்டுதான் சட்டத்தின்வழி முடிவுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது. ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நீரிணையைப் படகில் கடந்தே வாழ்நாளெல்லாம் இரு கரைகளிலும் தொழில் செய்த வோங், அப்பாலத்தைக் காணவில்லை.

எழுத்தறிவற்ற தொழிலாளர்களுக்கு நடுவே இளமையைக் கழித்த அவர், பிள்ளைகளின் கல்வியில் கருத்தாக இருந்தார். அவருடைய மகன்களுள் ஒருவரான வோங் சியூ குவி, இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று வழக்கறிஞர் ஆனார். உளியும் இழைப்புளியும் பிடித்த கைகளின் அடுத்த தலைமுறை, சட்டநூலைக் கையில் ஏந்தியது. அவருடைய வழித்தோன்றலும் வரலாற்று ஆய்வாளருமான லிம் பூய் ஹுவென், பழைய ஆவணங்களைத் தேடித் திரட்டி அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். 2002ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூல், வோங்கைக் குடியேறியவர், கட்டுநர், தொழில்முனைவர் என மூன்று நிலைகளில் காட்டுகிறது.

திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். இல்லாதவர்க்குக் கொடுப்பது ஈகை. தாம் வாழும் ஊருக்குப் பயன்பட வாழ்வது ஒப்புரவு. வோங்கின் வாழ்க்கையில் நிலைத்தவை எவை என்று எண்ணிப் பார்த்தால், இவ்வேறுபாடு தெளிவாகும். அவர் வெளியிட்ட பணத்தாள்கள் இன்று புழக்கத்தில் இல்லை. சூதாட்ட விடுதியும் இல்லை, வங்கியும் இல்லை. ஆனால், பலரோடு சேர்ந்து பலருக்காகத் தொடங்கியவை நிலைத்திருக்கின்றன. ஜாலான் சியூ நாம் சாலையில் குவோங் சியூ சங்கத்தின் மரபுடைமைக் கூடம் வருகையாளர்களை வரவேற்கிறது. நூறாண்டுகளைக் கடந்துவிட்ட குவோங் வாய் சியூ மருத்துவமனை, தொடக்கத்திலிருந்த வட்டார எல்லையையும் தாண்டிவிட்டது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என எல்லா இனத்து முதியோரும் நோயாளிகளும் இன்று அங்குப் பராமரிக்கப்படுகிறார்கள்.