மருத்துவப் பேரறிஞர் ஷார்க்கோ

தீரும் பிணியைத் தீர்த்தோரை உலகம் விரைந்து போற்றும்; தீராப் பிணியாளரருகே பல்லாண்டு இருந்து, அப்பிணி யாதெனக் கண்டுணர்த்தியோரை எளிதில் மறக்கும். அங்ஙனம் மறக்கலாகாப் பெரியாருள் ஒருவர் பிரான்சு நாட்டு மருத்துவர் ழான் மார்த்தேன் ஷார்க்கோ என்பார்.

இவர் 1825-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள், பாரிசு மாநகரில் வண்டி செய்வார் ஒருவர்க்கு மைந்தராய்ப் பிறந்தார். 1853-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1862-இல் சால்பெத்ரியேர் என்னும் விடுதியில் மருத்துவராய் அமர்ந்தார். முன்னாளில் வெடிமருந்துச் சாலைக்குரியதாயிருந்த அவ்விடத்தில், வறியரும் முதியரும் தீராப் பிணியருமாகிய பெண்டிர் ஏறத்தாழ ஐயாயிரவர் வாழ்ந்து வந்தனர். பிறர் துயரக் கிடங்கெனக் கண்டதனை ஷார்க்கோ அறிவின் களஞ்சியமாகக் கண்டார். நண்பர் வுல்பியானுடன் படுக்கைதோறும் சென்று நோய்க்குறிகளை ஏட்டிற் பதித்தார்; நோயாளர் இறந்தபின் அவர்தம் மூளையையும் தண்டுவடத்தையும் நுண்பெருக்கியால் ஆராய்ந்து, முன் பதித்த குறிகளோடு ஒப்புநோக்கினார்.

இம்முறையின் பயனாக 1868-இல் அவர் தெளிவுற விளக்கியதே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோய். கார்ஸ்வெல், குருவேய்யே முதலியோர் அதன் தழும்புகளை முன்னரே ஓவியத்தில் தீட்டியிருந்தனர். எனினும் அத்தழும்புகளை நோயாளர் படும் துன்பத்தோடு முறையாகப் பொருத்திக் காட்டிய பெருமை ஷார்க்கோவுக்கே உரியது. பார்க்கின்சன் நோயில் கை வாளா இருக்கும்போது நடுங்கும். இந்நோயிலோ ஒன்றை எடுக்க நீளும்போது நடுங்கும். கண்மணி நிலையாது அசைதலும், சொல் அசையசையாய் அறுந்து வருதலும் இதன் பிற குறிகள். அவர் மனையில் பணிபுரிந்த மங்கை ஒருத்திக்கும் நடுக்கம் இருந்தது. கலங்கள் பல உடைந்தும் அவளை அவர் நீக்கினாரல்லர். வேறு நோயென முதலில் எண்ணப்பட்ட அவள் பிணியும் இதுவே என்பது, அவள் இறந்தபின் புலனாயிற்று என்பர்.

அண்ணனூர்ப் பணிமனையில் செப்பனிடப்பெறும் மின்சார இரயில்களை நம்மிற் பலர் அறிவர். அவற்றின் கம்பிகளுக்கு மேலுறை இருத்தல்போல நரம்பிழைக்கு மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. அஃது ஆங்காங்கே அழிந்து தழும்பாதலே இந்நோய். உறை அழிந்த இடத்தும் உள்ளிழை பெரும்பாலும் எஞ்சி நிற்றலை ஷார்க்கோ நுனித்துக் கண்டார். பொன், வெள்ளி இவற்றின் உப்புக்களும் எட்டிச் சத்தும் அக்காலத்து மருந்தாயின. அவை நோயை நீக்காமையை அவர் மறைத்திலர்.

1882-இல் நரம்பு நோய்களுக்கென நிறுவப்பெற்ற பேராசிரியர் பதவி அவரை அடைந்தது. பிராய்டு, பாபின்ஸ்கி முதலியோர் அவர்பாற் பயின்றனர். இசிவு நோய் பற்றியும் அறிதுயில் பற்றியும் அவர் கொண்ட கருத்துக்கள் பிற்காலத்து நிலைபெறவில்லை. எனினும் நரம்பு மருத்துவத்திற்கு அவர் இட்ட அடிப்படை நிலைத்தது. 1893-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

அவர் தொடங்கிய பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. விட்டுவிட்டு வரும் வகைக்கு 1993 முதல் மருந்துகள் பல தோன்றின. தொடக்கமுதல் இடையறாது வளரும் வகைக்கோ 2017-இல் தான் முதன்மருந்து அமெரிக்க நாட்டில் ஒப்புதல் பெற்றது. அதுவும் நோயின் நடையைத் தளர்த்துமேயன்றித் தடுத்து நிறுத்தாது. ஆதலின் உள்ளிழை மடிதல் எதனால், அழிந்த உறையை மீள வளர்த்தல் எங்ஙனம், மெல்ல வளரும் கேட்டை விரைந்து அளத்தற்குக் கருவி யாது, சோர்வும் நடைத்தளர்ச்சியும் தணிய வழி யாது என்பன முதற்கண் ஆராயற்பாலன. இவற்றோடு ஒன்று கூறல் வேண்டும். மருந்துச் சோதனைகளில் முதியோரும் நடக்கவியலாதோரும் பெரும்பாலும் சேர்க்கப்பெறுவதில்லை. ஷார்க்கோ தொடங்கியதோ அத்தகையோரிடமே.

நம் நாட்டிலும் இந்நோய் அரிதெனவே நெடுநாள் கருதப்பட்டது, எம்.ஆர்.ஐ. கருவி பரவிய பின்னரே பலர் அறியப்பட்டனர். வேலூரில் 1949-இல் ஜேக்கப் சாண்டி நரம்பு மருத்துவத் துறையை நிறுவினார். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இந்நோயை ஊனங்களுள் ஒன்றாக ஏற்றது.

மாணவத் தோழர்காள்! நம்முள் மருத்துவராவார் சிலரே. பிணியுற்றார் அருகிருந்து பொறுமையோடு நோக்குதல் யாவர்க்கும் இயலும். நீக்க முடியாத துன்பம் என்று நாம் முகம் திருப்பும் இடத்திலேயே ஷார்க்கோவின் ஏடு திறந்தது.