விட்டல் மல்லையா சரித்திரம்

மதுவை வெறுக்கும் குடும்பங்கள் பல நம் சங்கத்தில் உள. அங்ஙனமிருக்க, பீர் ஆலை முதலாளி ஒருவரின் சரித்திரம் இவ்விதழில் எதற்கென்று அன்பர்கள் வினவக்கூடும். சரக்கைப் புகழ்தல் நம் கருத்தன்று. தந்தை தேடிய முதல் மைந்தர் கையில் யாதாகின்றது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம்.

தென்னாட்டில் ஆங்கிலேயர் நடத்திய ஐந்து பீர் ஆலைகளை 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்னும் துரை ஒன்றாக்கி, யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியை நிறுவினார். பெரும் பீப்பாய்களில் நிறைத்த பீர், மாட்டுவண்டிகளில் வெள்ளைத் துருப்புகளுக்குச் சென்றது.

விட்டல் மல்லையா 1924 பிப்ரவரி 8-இல் டாக்காவில் பிறந்தார். பூர்விகம், அந்நாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த தென்கன்னட ஜில்லாவின் பண்ட்வால். தந்தையார் படை வைத்தியர். இளமையிலேயே பங்குகளை வாங்கிச் சேர்த்த விட்டல், 1947-இல் அக்கம்பெனியின் முதல் இந்திய டைரக்டராகவும், மறுவருஷம் தலைவராகவும் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24.

அதே 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலாயிற்று. அவர் கலங்கினாரல்லர். ஏரியொன்றையே நம்பாது கிணறும் வெட்டிவைக்கும் நம் பக்கத்து உழவர்போல, உணவுப்பண்டம், மருந்து முதலிய தொழில்களிலும் முதலைப் பரப்பினார். 1826-இல் சென்னையில் தோன்றிய மக்டவல் கம்பெனியையும் 1951-இல் வாங்கினார். விளம்பரத்தை விரும்பாதவர்; சிக்கனத்திற்குப் பெயர் பெற்றவர்; கணக்கேடுகளை ஊன்றிப் படிப்பவர். 1983 அக்டோபர் 13-இல் காலமானார்.

புதல்வர் விஜய் மல்லையா 28 வயது நிரம்புமுன் பொறுப்பேற்றார். பீர் வியாபாரத்தை அவர் பெருக்கியதை மறுப்பதற்கில்லை. ஆயின் 2005-இல் அவர் தொடங்கிய விமானக் கம்பெனி பெருங்கடனில் மூழ்கி 2012-இல் நின்றது. 2016-இல் அவர் தேசத்தை விட்டகன்றார். 2021-இல் பீர் ஆலையின் பெரும்பங்கு நெதர்லாந்து தேசத்து ஹைனக்கன் கம்பெனியின் வசமாயிற்று. படை வைத்தியரின் மகன் தேடியது பேரன் காலத்திலேயே பிறர் கைக்குப் போயிற்று.

நம் மானாம்பதியை அடுத்த உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள. வாரியப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும், மீண்டும் அப்பொறுப்புக்கு வரலாகாதென அவை விதிக்கின்றன. ஊர்ப்பொருளுக்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன் நம் முன்னோர் வகுத்த இந்நெறி வீட்டுப்பொருளுக்கும் ஏற்றதன்றோ? ஆதலின், மைந்தர் கையில் பெட்டிச்சாவியைக் கொடுக்குமுன் கணக்கேட்டைக் கொடுத்துப் பழக்குமாறு சங்கத்துப் பெற்றோரை நாம் வேண்டிக்கொள்கிறோம்.