தேறலின் சுவையும் ஔவையின் சொல்லும்

ஔவை என்ற பெயரைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவர் வெண்ணீறு பூசிக் கோலூன்றி நிற்கும் மூதாட்டியே ஆவார். ஆத்திசூடியைப் பிள்ளைகளுக்கு அருளிய அவர் பிற்காலத்தவர். 1953இல் ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட ஔவையார் திரைப்படத்தில், நம் கொங்குநாட்டுக் கொடுமுடி தந்த கே.பி. சுந்தராம்பாள் அம்மையார் அவ்வுருவுக்குக் குரலும் உயிரும் கொடுத்தபின், அது தமிழர் நெஞ்சில் அழியாது பதிந்துவிட்டது. ஆயினும் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வாழ்ந்த ஔவை ஒருவர் உண்டு. அவர் வேந்தனோடு உடனமர்ந்து கள்ளுண்டவர். உண்டதன் சுவையைச் சொல்லில் வைத்துச் சென்றவர். அந்தச் சங்ககால ஔவையின் வாழ்வை, அவர் கையிலேந்திய கலத்தின் வழியே காண முயல்வதே இக்கட்டுரை.

சங்கத் தொகை நூல்களில் ஔவையார் பாடியனவாக 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. சங்கப் பெண்பாற் புலவருள் இத்தனை பாடல்கள் கிடைத்திருப்பது இவர் ஒருவருக்கே. அவருடைய வாழ்வைப் பற்றி நாம் அறிவன யாவும் இப்பாடல்களும் அவற்றின் கீழுள்ள பழங்குறிப்புகளும் தருவனவே. 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்த பின்னரே இந்த ஔவை தமிழ்கூறு நல்லுலகின் பொதுப்பார்வைக்கு மீண்டு வந்தார்.

ஊர்தோறும் சென்று புரவலரைப் பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்தவர் அவர். ஒரு வாயிலில் காக்க வைக்கப்பட்டபோது, உலகம் பெரிது, எத்திசை சென்றாலும் எமக்குச் சோறு உண்டு என்ற பொருள்படப் பாடிவிட்டுப் புறப்படத் துணிந்த மானம் அவருடையது. நாஞ்சில் வள்ளுவனிடம் கீரைக் கறியோடு சேர்த்துண்ணச் சிறிது அரிசி கேட்டார். அவன் யானையையே தந்தான். கொடைக்கும் ஓர் அளவறிதல் வேண்டாவா என்று அவனைச் செல்லமாகக் கடிந்து பாடினார். அளவு என்பதை அவர் எப்போதும் கருத்திற் கொண்டிருந்தார். கள்ளைப் பாடும்போதும் இந்த அளவே முன்வந்து நிற்பதைப் பின்னர்க் காண்போம்.

அவருடைய வாழ்வின் நடுநாயகமாக விளங்கியவன் தகடூர் ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. தகடூர் இன்றைய தருமபுரி. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி என்னும் பெயரைப் பாறையிலேயே காட்டியது. பாட்டில் வாழ்ந்தவன் வரலாற்றிலும் எழுந்து நின்றான்.

அஞ்சி நெல்லிக்கனி கொடுத்த செய்தியைச் சிறு பிள்ளைகளும் அறிவர். ஏறுதற்கரிய மலைப்பிளவில் விளைந்த அக்கனியின் பயனைத் தன்னுள்ளேயே மறைத்துக்கொண்டு, சாவு நீங்குமாறு ஔவைக்கு அளித்தான் அவன். நெல்லியை மென்றவர்க்கு அதன் சுவை தெரியும். முதலில் புளிப்பு, அடுத்துத் துவர்ப்பு. மேலே ஒரு மிடறு நீர் பருகிய பின்னரே இனிப்பு. ஔவையோ அதனை இனிய கனி என்றே பாடினார். நாக்கு அறிந்த சுவையை மட்டுமன்றிக் கொடுத்த கையின் சுவையையும் சேர்த்துச் சொன்னார் எனலாம். அதே பாட்டில் அஞ்சியை அவர் அறிமுகம் செய்வது, நறவுண்டு ஆரவாரிக்கும் அதியர்களின் தலைவன் என்றே.

அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவரும் அவரே. நெய்பூசி, பீலி சூட்டி, மெருகு குலையாது வைக்கப்பட்டிருந்த படைக்கலங்களை அவன் காட்டினான். என் தலைவனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார் ஔவை. புகழ்வது போல் இகழ்ந்து, இகழ்வது போல் புகழ்ந்த அந்தச் சொற்றிறத்தை நம் கவிஞர்கள் நன்கறிவர்.

பின்னர் ஒரு போரில் அஞ்சியின் மார்பில் வேல் பாய்ந்தது. அவன் மறைவுக்கு ஔவை பாடிய கையறுநிலைப் பாட்டு கள்ளில்தான் தொடங்குகிறது. சிறிதளவே கிடைத்தால் அவன் தான் உண்ணாது புலவர்க்கே தந்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் அவர்கள் உண்டு பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான். இங்கே கள்ளின் மணமில்லை, நிறமில்லை, இனிப்பில்லை, கடுப்பில்லை. இருப்பவை அளவும் அதைப் பகிர்ந்த கையுமே. அந்த வேல் பாணர் கலங்களையும், இரப்போர் கைகளையும், புலவர் நாவையும் துளைத்துச் சென்றதாகப் பாடுகிறார். சுவையறியும் நாவே புண்பட்ட பின் சுவையைச் சொல்வது எங்ஙனம்?

அஞ்சிக்கு நடுகல் நட்டுப் பீலி சூட்டினர். நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் வார்த்துப் படைத்தனர். மலைநாட்டை முழுதும் கொடுத்தாலும் ஏலாதவன், இந்தச் சிறிதளவை ஏற்பானோ என்று நின்றார் ஔவை. உயிரோடிருந்தபோது சிறிதளவை அவருக்கே தந்தவனுக்கு இப்போது அவர் கண்முன் படைக்கப்படுவதும் சிறிதளவே. இந்த அளவுகளின் ஒப்பீட்டில் தேங்கியிருக்கும் துயரை விளக்கவும் வேண்டுமோ?

காலம் சென்றது. அஞ்சியின் மகன் பொகுட்டெழினி அதியர் தலைவனானான். விடியலில் கிணைப்பறை கொட்டி அவன் வாயிலில் நிற்கும் பொருநனின் கூற்றாக ஔவை ஒரு பாட்டை அமைத்தார். எழினி, வந்தவனது கந்தலைக் களைந்து, நேரிய கரையுடைய நுண்ணூல் ஆடையை உடுத்துகிறான். பின்னர்ப் பொற்கலத்தில் தேறல் அளிக்கிறான். நாள் பல கிடந்து முதிர்ந்த அத்தேறலின் கடுப்புக்கு ஔவை கண்ட உவமை தேளின் கொட்டு. நூலையே வாழ்வாகக் கொண்ட திருப்பூரில் இருந்து படிக்கும் நமக்கு, ஆடையும் தேறலும் ஒரே பாட்டில் அமைந்திருப்பது தனி மகிழ்ச்சி தருவதாகும்.

அந்த உவமையைச் சற்று நின்று நோக்க வேண்டும். தேள் கொட்டுவது ஒரு புள்ளியில். கடுப்பு ஏறுவது உடலெங்கும். முதிர்ந்த மதுவும் நாநுனியைத் தொட்டுப் பின் மேனியெங்கும் பரவுவது. சங்கத்தார் இவ்வகையில் நுண்ணிய அறிவினர். கள், நறவு, மட்டு, பிழி, தோப்பி, தேறல் என வேறுபடுத்தினர். மண்ணில் புதைத்தும் மூங்கிலில் பெய்தும் முதிர வைத்தனர். இன்று ஸ்காட்லாந்தின் விஸ்கி குறைந்தது மூன்றாண்டு ஓக் மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும் என்பது சட்டம். அதைச் சுவைத்து மதிப்பிடுவோர் கரிப்புகை, தேன், உலர்பழம், கடலுப்பு என்று பிற பொருள்களின் பெயரால்தான் அதன் சுவையைக் குறிக்கின்றனர். சுவைக்குத் தனக்கென்று சொற்கள் சிலவே. எஞ்சியவற்றுக்கு உவமையே துணை. அத்தொழிலை ஒரே உவமையில் முடித்தவர் ஔவை.

எனினும் அப்பாட்டு தேளோடு நின்றுவிடவில்லை. அமிழ்தம் போன்ற கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர் வழிவந்தவன் எழினி என்று இனிமையில் முடிகிறது. கடுப்பில் தொடங்கிக் கரும்பில் அமைகிறது நா. மூவேந்தரும் ஒருங்கிருக்கக் கண்டு பாடியபோதும், மகளிர் பொற்கலத்தில் ஏந்தும் தேறலை மகிழ்ந்துண்டு வாழ்க என வாழ்த்திய ஔவை, இறுதியில் துணையாவது செய்த நல்வினையே என்று நினைவூட்டத் தவறவில்லை.

தகடூரை வென்றவன் பெருஞ்சேரல் இரும்பொறை எனப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து பாடும். அரிசில்கிழார் பாடிய அப்பத்திலேயே கொடுமணத்து அருங்கலமும் புகழப்படுகிறது. அக்கொடுமணம், நம் நொய்யலின் கரையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கொடுமணலே என்பர் ஆய்வாளர். ஆகவே அஞ்சியின் கதையும் ஔவையின் துயரும் நமக்குத் தொலைவானவை அல்ல.

இன்று நம் ஊரில் சனிக்கிழமைக் கூலி வீடு சேருமுன் மதுக்கடையில் கரைவதை நாம் அறிவோம். அங்கு ஒவ்வொருவரும் தனியே நின்று விரைந்து குடித்து மீள்கின்றனர்; சுவையும் இல்லை, பகிர்வும் இல்லை, வீட்டில் உலையும் இல்லை. ஔவையின் கள்ளைக் காட்டி இதற்கு நியாயம் தேடுவோர் அவருடைய பாட்டைப் பாதியே படித்தவராவர். கலத்தில் உள்ளது சிறிதானால் அது பிறர்க்கு என்பதே அஞ்சியின் நெறி. ஔவை அழுதது அந்த நெறி மாய்ந்ததற்காகவே.

பத்தாண்டுகளாக மாலைத் தேநீரைப் பகிர்ந்துகொண்டு கவிதை பேசிவரும் நம் வட்டத்தார்க்கு இது புதிய செய்தியன்று. தேநீர் சில நாள் ஆறிப்போனதுண்டு. சில நாள் ஆளுக்கு அரைக்குவளையே கிடைத்ததுண்டு. அதன் சுவை இன்னும் நாவில் நிற்கிறது. அது எதனால் என்பதை ஔவை நமக்கு முன்பே சொல்லிச் சென்றிருக்கிறார்.