நிலம் தந்த வள்ளல்

மாட்டுங்காவில் பயிலும் எனக்கு வாய்த்த ஆய்வு லித்தியம் மின்கலம். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் வெளியேற, லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுத் துகள் வெறும் இரும்பு பாஸ்பேட்டாக மாறுகிறது. இரு நிலைகளுக்கும் நடுவேயுள்ள எல்லை நகரும் வேகத்தை அளப்பதே என் வேலை. அளவு பிடிபடாத இரவுகளில் காரைக்குடியை எண்ணிக்கொள்வேன்.

கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார் ஆலைகள் நடத்திப் பொருளீட்டியவர். 1945-இல் வந்த ‘சர்’ பட்டத்தை விடுதலைக்குப்பின் துறந்தார். எனக்கு அது பெரிதன்று. மின்வேதியியல் ஆய்வகத்துக்கென அந்த வறண்ட மண்ணில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்தாரே, அதுதான் பெரிது! 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் ஆய்வகம் திறந்தது. 1957-இல், நாற்பத்தெட்டு வயது நிரம்புமுன்னரே வள்ளல் மறைந்தார். லித்தியம் அயனி மின்கலம் கடைக்கு வந்ததோ 1991-இல். இன்று அவர் தந்த நிலத்திலும் அதே மின்கலத்தை ஆராய்கின்றனர்.